உள்பக்கத்து முத்திரை

இங்கே நூலகத்தில் படித்து முடித்த புத்தகத்தை எடுத்த இடத்தில் திரும்ப வைக்கக் கூடாது. மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மஸ்கட்டுக்கு வந்து, ஒரு கல்லூரி நூலகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. இடம் மாறிய புத்தகம் தொலைந்த மாதிரியாம். அடுக்குவதற்கென்றே தனி ஆள் உண்டு. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் அப்படி எழுந்து போனால், "ஏலே, அத யாரு எடுத்து வைப்பா, ஒங்க மாமனா?" என்று சத்தம் வரும்.

செட்டியார்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி சுருட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு சரி. மகள் கிரேஸ் ராஜபாளையத்தில் எம்.ஏ. படிக்கிறாள். பேண்டேஜ் தறிகளைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வேடு. போன மாதம் ஒரு மதியம் அழுதுகொண்டே பேசினாள்.

"வேண்டிய பக்கத்தையெல்லாம் போட்டோ எடுத்தேம்ப்பா. புத்தகத்துப் பேரக் குறிக்காம விட்டுட்டேன்."

"அதனால என்னம்மா? விசயந்தான் இருக்கே."

"கைடு மேடம் ஒத்துக்க மாட்டாங்க. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு போடணும். இல்லன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துருன்னுட்டாங்க. திங்கக்கெழம குடுக்கணும்."

அந்த அத்தியாயம் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் வீண். தன் கல்லூரி நூலகம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டாளாம்.

"நீங்க இருக்கது எம்புட்டுப் பெரிய லைப்ரரி! அங்க யார்ட்டயாச்சும் காட்டுங்கப்பா."

"தமிழ்ப் பக்கத்த அரபிக்காரவியட்டக் காட்டச் சொல்லுதியே, நல்லாருக்கு!"

சலாம் சொல்வதைத் தவிர யாரிடமும் நான் பேசியதில்லை. ஆனால் அவள் அழுத குரல் காதிலேயே நின்றது. நூலகப் பொறுப்பில் இருக்கும் ஓமானியப் பெண்மணியிடம் போய், மகள் அனுப்பிய படங்களைத் திறந்து போனை நீட்டினேன். நான் அங்கேதான் படம் பிடித்தேன் என்று நினைத்து, "மாஃபி ஸூரா," படமெடுக்கக் கூடாது, என்று விரலை ஆட்டினார். "பின்த்... இந்தியா," மகள், ஊரில் இருக்கிறாள், என்றேன். முகம் மாறியது. ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார். "ஐஷ் ஹாதா?" இது என்ன? பக்கத்தின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கறை. திரையில்தான் அழுக்கு என்று தோளில் கிடந்த துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பாதி மங்கிய வட்ட முத்திரை. ஓரத்தில் 'ஸ்ரீவில்லி' வரை தெரிந்தது. உள்ளே பேனாவால் எழுதிய எண்.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோகிறவர்களுக்காக, நம் நூலகங்களில் உள்ளே ஒரு பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். பார்த்துப் பழகிய என் மகளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. இங்கே அட்டையில் ஸ்டிக்கர் மட்டும்தான். அதனால் இந்தப் பெண்மணிக்கு வினோதமாகப் பட்டிருக்கிறது.

உடனே மகளைக் கூப்பிட்டேன். "ஏட்டி, நீ தேடுனது வேற ஊர்ல! புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர் லைப்ரரில இருக்கு."

"ஐயோ, ஆமாப்பா! அங்கயும் ரெண்டு நாள் போனேன்."

மறுநாள் காலையிலேயே போய் நின்றாள். அங்கே வேலை பார்க்கும் காதர் அண்ணன் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாராம். "களவாணியப் பிடிக்கத்தாம்மா இதக் குத்துதோம். இத்தன வருசத்துல ஒருத்தனும் சிக்கல. நீதான் வந்து சிக்கியிருக்க," என்றாராம். இப்போது முதலில் அட்டையைப் படம் எடுத்துவிட்டுத்தான் பிறகு பக்கத்துக்குப் போகிறாளாம்.

திங்கட்கிழமை மதியம் "குடுத்தாச்சுப்பா" என்றாள். பல நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

சாப்பிட்டு வந்து, அரபுப் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, முத்திரை விழுந்த அந்தப் பக்கத்தைப் போனில் முதல்முறையாக நிதானமாகப் படித்தேன். எங்கள் ஊர்ப்புறத்தில் வெளுத்த துணியை வெட்டவெளியில் காயப்போடுவதைப் பற்றி எழுதியிருந்தது. மலைக்காற்று திடீரென்று இறங்கினால் ஆட்கள் ஓடிப்போய் முனைகளைப் பிடித்துக்கொண்டு... என்பதோடு பக்கம் முடிந்தது. புரட்ட விரல் போனது. வழவழவென்று திரைதான் தட்டுப்பட்டது. அவள் படம் எடுக்காத அடுத்த பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது.