டவாலி வேலை

தங்கை மகன் வழக்கில் சாட்சி சொல்ல, சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். டவாலி வெளியே வந்து யாரோ ஒருவர் பெயரை இழுத்துக் கூப்பிட்டார். அந்த இழுப்பு மாறவே இல்லை.

எண்பதுகளில், எங்கள் சோழபுரத்து நிலத்து வழக்குக்காக அப்பாவோடு இங்கே வருவேன். கல் குவாரி வெடியில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பெயர் கூப்பிட்டதும் அவர் தோளைத் தட்டுவது என் பொறுப்பு. எனக்கோ டவாலி ஆகவேண்டும் என்று ஆசை. வகுப்பில் வாயே திறக்காத எனக்கு, வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக நின்று ஊரையே கூப்பிடும் அந்த மனிதர்தான் பெரிய ஆள்.

ஒருநாள் அவர் "முத்தையா" என்று அப்பா பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் நின்று அவரைப் போலவே வாயசைத்துக்கொண்டிருந்த நான், தோளைத் தட்ட மறந்துபோனேன்.

செத்த நேரம் கழித்து அப்பா கேட்டார். "ஏலே, நம்ம பேரக் கூப்பிட்டாவளா?"

"இல்லப்பா."

நாங்கள் வரவில்லை என்று தீர்ப்பு எதிராகப் போனது. நிலமும் போனது. ஐந்தாம் வகுப்போடு ராஜபாளையத்தில் தறிக்குப் போனேன். அந்தச் சத்தத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, கையைத்தான் ஆட்டவேண்டும். அப்பாவிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

சென்ற மாதம் அதே கோர்ட்டில் என் பெயர் வந்தது. முதல் தடவையிலேயே எழுந்து, "இருக்கேன் ஐயா!" என்று கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாச் சொல்லுங்கண்ணே," என்றார் டவாலி. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."