சுவருக்கு அந்தப் பக்கத்து ஜெபம்

“மூச்சை மெதுவா வெளிய விடுங்க” என்றார் டாக்டர். படபடப்பும் தூக்கமின்மையும் என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டிருந்தன. மூச்சை விடும்போது என் வாய் தானாக ஒரு மாதா ஜெபத்தை முணுமுணுத்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல.

சின்ன வயதில், ராயபுரத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஹார்பரில் மூட்டை தூக்கிய அவர், கூட்டாளி மேல் சரக்கு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து மூச்சு முட்டும். படுத்தால் தூக்கம் வராது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா வீட்டில் ஜெபமாலை தொடங்கும். முதல் பாதியை அக்கா சொல்வார், மறுபாதியைப் பிள்ளைகள் சொல்வார்கள். சுவரில் சாய்ந்தபடி நைனாவும் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்வார். ஜெபம் முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா நைனா, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டியா?”

“அதெல்லாம் இல்ல கண்ணு. அந்தம்மா சொல்லிகினு இருக்கசொல்லோ மூச்ச இஸ்துக்கிறேன். என் பாதிய சொல்லசொல்லோ வுட்டுர்றேன். அவ்ளோதான்.”

ஒருநாள் அக்கா குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்விட்டார். விளக்கு வைத்தும் சுவர் பேசவில்லை. நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து ஜெபத்தின் முதல் பாதி கேட்டது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு, அரிசி களைந்தபடியே அம்மா சொன்னாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

“வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?” என்று கேட்டார் டாக்டர்.

“அப்பாவுக்கு” என்றேன். அடுப்படியிலிருந்து பிசகாமல் வந்த அந்தக் குரல் நினைவுக்கு வர, “அம்மாவுக்கும் இருந்திருக்கும்” என்றேன்.