வேப்பமரத்துத் தூக்குவாளிகள்

ஆற்றில் தண்ணீர் வராத கோடையில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வயலில் வேலை இருக்காது. தஞ்சாவூருக்கு மேற்கே, வண்டல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் இருந்த கல்குவாரிக்கு நான் போனது அப்படித்தான். பாறையில் துளை போடும் வேலை. என் மச்சினனையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். "எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க, பாத்துக்குங்க" என்று என் மனைவி வாசல்வரை வந்து சொன்னாள். முப்பது வயது ஆம்பிளையை இடுப்பிலா தூக்கிக்கொண்டு போக முடியும் என்று எரிந்து விழுந்தேன்.

சேற்றிலேயே கிடந்தவனுக்குப் பாறை பேரதிசயம். எங்கள் மண்ணில் கடப்பாரையை விட்டால் தானாக இறங்கும். இங்கே தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுக்கொண்டே, உடம்பு மொத்தமும் அதிர, மிஷினை அழுத்திப் பிடித்தால்தான் துளை இறங்கும். அந்தத் துளைகளில் வெடிமருந்தை நிரப்பி, களிமண்ணால் அடைத்து வெடிக்கும்போது, வீட்டளவு பாறை ஒரு கணம் எழுந்து நின்று அப்புறம்தான் விழும். எத்தனை முறை பார்த்தாலும் வாயைப் பிளப்பேன்.

வெடிக்கும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. எங்கள் பக்கத்து நடவுக்காரியின் மகள்; டிப்ளமா படித்து, லைசென்ஸ் வாங்கி வந்தவர். முதல்நாள் "இந்தப் பொண்ணா?" என்று நினைத்தேன். பிறகு மற்றவர்களைப் போல நானும் மேடம் என்றே கூப்பிட்டேன்.

பள்ளத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். உள்ளே இறங்குகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். சங்கு ஊதியதும் அவரவர் வாளியை அவரவரே எடுத்துக்கொண்டு தூரத்துக் கான்கிரீட் அறைக்குப் போய்விட வேண்டும். மரம் காலி என்றால் பள்ளமும் காலி. மேடத்துக்கு அதுவும் போதாது. அறைக்குள் வந்ததும் எல்லோரும் வாளியை உயர்த்திக் காட்ட வேண்டும். "ஸ்கூல்ல பிரேயருக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று நான்தான் நக்கல் அடிப்பேன்.

அன்றைக்குச் சங்கு ஊதியது. மரத்தடிக்கு வந்தேன். என் வாளியை எடுத்தேன். பக்கத்தில் மச்சினன் வாளி தொங்கியது. வயலில் முதலில் கரையேறுகிறவன் பின்னால் வருகிறவர்களின் வாளியையும் எடுத்து வருவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. விட்டுவிட்டு வந்தால், என்ன மனுஷன் என்பார்கள். கை தானாகப் போனது. பின்னாலேயே வந்துவிடுவான் என்று அதையும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அறையிலிருந்தே மேடம் மரத்தைப் பார்த்தார். காலி. துளைகளிலிருந்து வரும் கம்பிகளை மாட்டி வெடிக்க வைக்கும் வெடிப்பெட்டியின் சாவி அவர் கையில் இருந்தது.

"தூக்கிக் காட்டுங்க."

இரண்டு கையையும் தூக்கினேன்.

"என்னண்ணே, ஒங்களுக்கு ரெண்டு வயிறா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"இன்னொண்ணு யாரோடது?"

ஐயோ! திரும்பிப் பார்த்தேன். அவன் இல்லை. வாளிகளைப் போட்டுவிட்டு ஓடப் போனேன். அவர் வாசலை மறித்தார்.

"நீங்க ஓடுனா நான் ரெண்டு பேரைத் தேடணும். உக்காருங்க."

"என் பொண்டாட்டி தம்பி மேடம்!"

"தெரியும்ணே. உக்காருங்க."

வெடிப்பெட்டியில் கம்பிகள் மாட்டப்படவில்லை என்று இன்னொரு முறை பார்த்தார். வெளியே போனார். ஓடவில்லை, நடந்தார். மருந்து நிரம்பிய துளைகளை ஒட்டி, ஒவ்வொரு கம்பியையும் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, ஒற்றை ஆளாக. இப்படி ஒரு நடையை நான் எந்தச் சாமி புறப்பாட்டிலும் பார்த்ததில்லை. பாறைக்குப் பின்னால் அவர் தலை மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. வயிற்றுப்போக்காம். பாறைக்கு அந்தப்பக்கம் ஒதுங்கியிருக்கிறான். காதடைப்பானைக் கழற்றவே கூடாது என்று நான்தான் தினமும் அவனைத் திட்டுவேன். துளை போட்டு முடித்த பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை; அதனால் சங்கு கேட்கவில்லை. "இன்னும் வெடிக்கலையா மாமா?" என்றான். பளாரென்று ஒன்று விட்டேன். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவன் வாளியை மறுபடி மரத்தில் மாட்டிவிட்டு வரும்படி மேடம் என்னிடம் சொன்னார். அவனே போய் எடுத்து வந்தான். எல்லோரும் மறுபடி தூக்கிக் காட்டினோம். அதன் பிறகே கம்பியை மாட்டி, சாவியைத் திருகினார். பாறை எழுந்து நின்று விழுந்தது. புகை அடங்கி, அவர் போய்ப் பார்த்து, வரலாம் என்று சொன்ன பிறகு உள்ளே போனோம். மச்சினன் ஒதுங்கிய இடத்தில் லாரி அகலத்துக்கு ஒரு கல் கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மேடத்திடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். நக்கல் அடித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"கையை இறக்குங்கண்ணே" என்றார். "மரம் காலியாத்தானே இருந்துச்சு. நீங்கள்லாம் சலிச்சுக்கறீங்களேன்னு, இன்னிலேருந்து தூக்கிக் காட்டச் சொல்றதை விட்டுடலாம்னு காலையில நெனச்சுட்டுத்தாண்ணே வந்தேன்."