'குழந்தை' என்ற கட்டத்தில் ஒரு டிக்

முதலில் போனது மூச்சு.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆவணி மாதம். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் குழாயடியிலிருந்து அடுப்படிக்குப் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் போதும். ஒரு குடத்தோடு அதைக் கடக்க இரண்டு இடத்தில் நின்றேன். மூன்றாவது இடத்தில் சுவரைப் பிடித்தேன். தெருவெல்லாம் கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அதில் ஒரு வாய் கிடைக்கவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்றார். வயிற்றில் இரண்டரை மாதம் என்றார். "இதைச் சுமந்தா பிரசவம் வரைக்கும் உங்க இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. வால்வை சரிபண்ற ஆபரேஷனையும் இப்ப இந்த உடம்பு தாங்காது. பத்து நாள்ல முடிவு சொல்லுங்க."

எனக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஆறு வயது, ஒருத்திக்கு மூன்று. சின்னவள் பிறந்தபோதே மூச்சு முட்டியது. அப்போதே கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். "பையன் பொறக்கல, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று மாமியார் கட்டில் காலைப் பிடித்து அழுது நிறுத்திவிட்டார். அதன் விலைதான் இந்தப் பத்து நாள்.

நம் சபையின் ஸ்தோத்திரக் காணிக்கை கவர், ஆண்டவருக்கு நன்றி சொல்லிப் பணம் வைத்துப் போடுவது, உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் கட்டங்கள் இருக்கும். பிறந்தநாள், திருமணநாள், புதுவீடு, வேலை, சுகம், குழந்தை, கடைசியில் மற்றவை. டிக் போட்டுக் காணிக்கைப் பையில் போட்டால் செயலாளர் மைக்கில் வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். அந்த ஞாயிறு நான் ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். வேண்டுமா, வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லும், அவ்வளவுதான். வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை. ஆண்டவருக்கு எழுதியதை ஆண்டவர் பையிலேயே போடுவோம் என்று ஒரு பைத்தியக்காரப் புத்தி. கவரில் வைத்து ஒட்டினேன். கை பழக்கத்தில் பெயரை எழுதிவிட்டது. 'குழந்தை' என்ற கட்டத்தில் டிக்கும் போட்டுவிட்டது.

"சகோதரி எஸ்தர் ஜெயசீலன், குழந்தை பாக்கியத்துக்காக ஸ்தோத்திரம்."

சபை முழுக்க ஆமென். எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு என் வீடு பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்டது. பூவும் பழமுமாக வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், மூச்சைப் பார்த்தார்கள், விஷயத்தைக் கறந்தார்கள். கறந்த பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு.

ஆயரின் மனைவி ஆயரம்மா சொன்னார்: "கொலைன்னு நான் சொல்லல எஸ்தர். ஆனா வேற வார்த்தை எனக்குத் தெரியல." என்னோடு தாலுகா ஆபீசில் டைப் அடிக்கிற வசந்தா சொன்னாள்: "சட்டமே வுடுது, நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? எங்க அண்ணி பண்ணிக்கினு மூணா நாளு மாவாட்டிச்சு." என் மாமியார் எல்லாரையும் மிஞ்சினார்: "தெரிஞ்ச எடத்துல ஸ்கேன் பாத்துக்கலாம். பையன்னா ஆண்டவர் காப்பாத்துவாரு. பொண்ணுன்னா டாக்டர் சொல்றத கேட்டுக்கலாம்."

பையன் என்றால் ஆண்டவர், பெண் என்றால் டாக்டர்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை.

என் கணவர் ஆலை ஊழியர்களை ஏற்றிச்செல்லும் பஸ்ஸை ஓட்டுகிறவர். நல்ல மனிதர். அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைத் துடைக்கப் போய்விட்டார். இஷ்டமாம். பாறையைத் தலையில் வைத்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் இறக்கிக்கொள் என்பது போல.

அன்றைக்கு நான் செய்த ஜெபத்தை அப்படியே சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளியுங்கள். "ஆண்டவரே, இவங்க வாயை மூடும். முடியலன்னா என் காதை மூடும். என் வயித்தை நடுவுல வச்சுப் பட்டிமன்றம் நடத்துறாங்க. உமக்குக் கேக்கலையா?"

புதன்கிழமை மரகதம் அக்கா வந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. நம் சபையில் காணிக்கை கவர் பிரிக்கும் குழுவில் இருக்கும் ஒரே பெண். இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். என் கடிதம்.

"உன் கவர பிரிச்சது நானு. வேற யார் கண்ணுலயும் படல."

"படிச்சீங்களாக்கா?"

"படிக்காம? கோழி கெளறன மாதிரி எழுதிக்கீற. ரெண்டு தபா படிச்சேன்." பக்கத்தில் உட்கார்ந்தார். "அது கெடக்கட்டும். உனக்கு இன்னா வேணும், எஸ்தரு?"

அந்தப் பத்து நாளில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. டாக்டர் கேட்கவில்லை, ஆயரம்மா கேட்கவில்லை, கட்டியவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் எங்கிருந்தோ தானாக வந்தது.

"சாவ வேணாங்க்கா. இது வேணாம்னு சொல்ல வாய் வரல. ஆனா ரெண்டு பொண்ணுங்க கீது. நான் இருக்கணும்."

அக்கா சொன்னார்: "நா ஒண்ணு சொல்லிடறேன். கலைக்கிறது பாவம்னு நம்பறவ நானு. இன்னிக்கும் அப்டித்தான். வார்டுல பாக்கறப்பல்லாம் நெஞ்சு அடிச்சுக்கும். ஆனா உன்ன தனியா அனுப்பிட்டு நா இங்க குந்திக்கினு ஜெபம் பண்ணா, ஆண்டவரு என் மூஞ்சில முழிப்பாரா? வெள்ளிக்கெழம காலைல பஸ்ஸுக்கு நிப்பேன். வா."

நின்றார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, ஜன்னலோரத்து ஆள் ஒருவர், தினமும் சோறு வாங்கக் கழுகு வரும் என்கிற மலையைப் பார்த்து, "கழுகு வந்துச்சா?" என்றார். "எங்க வருது, சும்மா நின்னுகினு இருக்காங்க ஜனம்" என்றார் கண்டக்டர். நானும் இத்தனை நாள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதவியோ காலில் ரப்பர் செருப்பும் கையில் தூக்குவாளியுமாக, பக்கத்து சீட்டில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "புருஷன் கையெழுத்து எங்கே?" என்றாள். "இன்னாம்மா, இவ சின்னப் பாப்பாவா? அவ வவுறு, அவ போடுவா" என்றார் அக்கா. டாக்டரம்மா தலையசைத்தார். நான் போட்டேன்.

கண் விழித்தபோது என் கால்மாட்டில் அக்கா உட்கார்ந்து கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். எனக்காகவா, அதற்காகவா? கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கணவர் கஞ்சியோடு வந்தார். ஸ்பூனால் ஊட்டினார்.

வலிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருடங்கள் ஆகியும் ஆவணிக் காற்று அடித்தால் உள்ளே ஏதோ ஒன்று குழாயடியில் நின்று சுவரைப் பிடிக்கிறது. ஞாயிறு பள்ளியில் நான் பாடம் நடத்த வேண்டாம் என்று ஆயரம்மா சொல்லியனுப்பியதும் வலித்தது. ஆனாலும் அடுத்த வருடம் சென்னையில் என் வால்வைச் சரிசெய்தார்கள். பெரியவள் போன வருடம் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினாள், நான் பக்கத்தில் இருந்தேன். சின்னவளுக்குத் தினமும் தலை பின்னுகிறேன். குடத்தோடு ஒரே மூச்சில் அடுப்படிக்குப் போகிறேன்.

டாக்டர் கைவிட்டார், நான் விசுவாசித்தேன், இதோ பிள்ளை என்று ஏந்திக் காட்டும் சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தச் சகோதரிகளின் சாட்சி உண்மை. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் கையில் காட்டப் பிள்ளை இல்லை. நான் இருக்கிறேன். இதுவும் ஜெபத்துக்கு வந்த பதில்தான். ஒரு வார்த்தை கேட்டேன், ஆண்டவர் ஒரு ஆளை அனுப்பினார். அதுவும் நான் செய்ததைச் சரி என்று நினைக்காத ஆளை. அவர் வேலை செய்கிற விதம் அப்படி.

உங்கள் தெருவில் ஒருத்தி மூச்சு வாங்கி நின்றால், தீர்ப்பு சொல்லுமுன் அக்கா கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நில்லுங்கள். மூச்சு வாங்கி நிற்கிறவள் நீங்களே என்றால், ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள். அவருக்குக் கோபம் பழக்கம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு கவர் போடுகிறேன். 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக். செயலாளர் வாசிக்கிறார், எதற்கென்று தெரியாமலே நீங்கள் ஆமென் சொல்கிறீர்கள். இப்போது தெரிந்துவிட்டது. வரும் ஞாயிறும் அந்தக் கவர் பையில் இருக்கும்.

ஆமென் சொல்லுங்கள், கேட்கிறேன்.