சபராளி மகளின் கவுன்

ஜெய்னம்புவின் கவுனில் எப்போதும் கொழும்பு சோப்பு மணக்கும். அவளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் பாவாடையிலோ மாட்டு வாடையும் வைக்கோல் தூசியும்தான். எங்கள் அய்யா கடலாடிப் பக்கத்து விவசாயி. சுதந்திரம் வந்த சில வருஷங்களில், மழை ஏமாற்றிவிட்டதால், மாட்டுவண்டியோடு பெரியபட்டினம் வந்து, தோணிகளில் வந்திறங்கும் பாக்கு மூட்டைகளைக் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு 'சபர்' என்று பேர், போனவர் 'சபராளி'. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே பாய்மரம் ஏறிப் போகிற ஊர் அது. ஜெய்னம்புவின் வாப்பாவும் அவள் தவழ்கிற காலத்தில் இலங்கைக்குப் போனவர்தான். மிட்டாய் டின், ரிப்பன், பூப்போட்ட கவுன் என்று வருகிற ஆட்களிடமெல்லாம் அவளுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டே இருப்பார். எனக்கு வயிறு எரியும். "நீங்க ஏன் அய்யா சபர் போகல?" என்று கேட்டு அழுதிருக்கிறேன்.

"நான் போயிட்டா மாட்டுக்கு யாருடி தண்ணி காட்டுறது?" என்பார் அய்யா. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிற அப்பனால் என்ன பெருமை, சொல்லுங்கள்!

ஒருநாள், கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நச்சரித்து அந்தக் கவுனை வாங்கி மாட்டியிருந்தேன். அவள் என் பாவாடையைக் கட்டியிருந்தாள். அந்த நேரம் பார்த்து, வாப்பாவின் தோணி வந்துவிட்டதென்று தெருவே கத்த, மாற்றிக்கொள்ளாமல் அப்படியே கரைக்கு ஓடினோம்.

முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த மனிதர், தாம் அனுப்பிய கவுனைக் கூட்டத்தில் கண்டுகொண்டார். "என் கண்ணே! வாப்பா வந்துட்டேன்மா!" என்று என்னை அள்ளித் தூக்கி உச்சி முகர்ந்து அழுதார். அவர் சட்டையிலும் அதே சோப்பு வாசனை. கீழே ஜெய்னம்பு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியிலிருந்து அய்யாதான் கத்தினார்: "மரைக்காயரே, அது எம்புள்ள! ஒங்க புள்ள இந்தா இங்கன நிக்கிது!"

கரையே சிரித்தது. அவர் என்னை இறக்கிவிட்டு அவளிடம் கை நீட்டினார். அவளோ, "வேணாம் போங்க!" என்று ஓடிப்போய் எங்கள் அய்யாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அய்யா அவளைத் தூக்கி, நான் உட்காருகிற இடத்திலேயே, தம் பக்கத்தில் வண்டியில் உட்காரவைத்தார். அதுவரை கவுனுக்கும் ரிப்பனுக்கும் எரிந்த வயிறு, அன்றைக்குத்தான் எங்கள் அய்யாவுக்காக எரிந்தது. "எறங்குடி! அது எங்க அய்யா!" என்று அந்தக் கவுனோடு மணலில் விழுந்து புரண்டேன்.

இப்போது அந்தக் கரையில் பாய்மரத் தோணி ஒன்றுகூட இல்லை. ஜெய்னம்புவின் பேரன் துபாயிலிருந்து தினமும் செல்போனில் தன் பிள்ளைக்கு முகம் காட்டுகிறான். ஆள் மாறிப்போக வழியே இல்லை. எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும், பார்க்கும்போதெல்லாம் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்: "எங்க வாப்பா மொதல்ல தூக்குனது ஒன்னையத்தானடி!"

நானும் விடுவதில்லை. "நீ எங்க அய்யாகூட வண்டியில உக்காந்து போகல?"