கழுத்து மாறிய மணி

"ஓய்வுகாலத்துக்கு ஏதும் சேமிச்சு வைச்சிருக்கிறியளோ, அன்ரி?" வங்கியில் என் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை கேட்டாள். பக்கத்துக் கதிரையில் அம்மா. எனக்கோ எங்கிருந்தோ மரமணிச் சத்தம் கேட்டது.

சண்டைக்குள் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்கள் இரண்டு பசுக்களையும் விசுவமடு வரை நடத்தியே கொண்டுவந்தோம். சிவப்பி என் பல்கலைக்கழகப் படிப்புக்கு, அம்மாவின் பேச்சில் 'கம்பஸுக்கு'; நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி அம்மா அப்பாவின் கிழட்டுக் காலத்துக்கு. அம்மா அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். கழுத்தில் மரமணி கட்டியிருந்தது சிவப்பிக்கு மட்டும். பின்னேரம் அந்தச் சத்தம் வேலிப் படலையடிக்கு வந்ததும் அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்தே கத்துவார்:

"உன்ரை கம்பஸ் வருது, எழும்பிப் படி!"

சாணி மணத்துக்கும் மண்ணெண்ணெய்ப் புகைக்கும் நடுவே நானும் படித்தேன்.

கம்பஸுக்கு எடுபட்ட கடிதம் வந்த மாதம் சிவப்பி பாம்பு கடித்துச் செத்தது. நான் அழுதது மாட்டுக்கா, கம்பஸுக்கா என்று இன்றைக்கும் தெரியாது. மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால், அம்மா அந்த மணியைச் சுட்டியின் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கட கிழட்டுக் காலம்?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. இவளுக்குத்தான் நாளில்லை."

மல்லாவி வியாபாரி சுட்டியை விலைக்கு வாங்கிக் கொண்டுபோனபோது, அம்மா மணியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார்.

வங்கிப் பிள்ளை இப்போது அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஏதும் சேமிச்சு வைச்சிருந்தனீங்களோ, அம்மா?"

"இருந்தது பிள்ளை," என்றார் அம்மா. "நெத்தியில வெள்ளைச் சுட்டி."