உப்பை விட்ட நாற்பத்தொரு நாள்

முதலில் இறுகியது வளையல்தான்.

பன்றிப்பாகம் கோயில் குளத்தில் முங்கி எழுந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. ஈரச் சேலையைப் பிழியக் கையைத் தூக்கினேன். எப்போதும் முழங்கைப் பக்கம் வழுக்கி இறங்குகிற என் இரண்டு வளையல்களும் மணிக்கட்டிலேயே நின்றன. விரல்கள் பருத்திருந்தன. தலைக்குள் கனம். வயிற்றைப் புரட்டியது.

இத்தனை தூரம் நடந்தால் அசதி இருக்கத்தானே செய்யும் என்று எண்ணினேன். அது அசதி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, விரதமும் இருந்துகொண்டு, வேண்டுதல், நேர்ச்சை என்று நெடுந்தூரம் நடக்கிற பெண்கள் என்னைப்போல இன்னும் இருப்பார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் போதும்.

எங்கள் ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம், வயலுக்கு நடுவே. கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுவார்கள். பன்னிரண்டு சிவன் கோயில்கள். முதல் நாள் பிற்பகல் திருமலையில் தொடங்கி மறுநாள் திருநட்டாலத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, காலில் செருப்பு கிடையாது. ஒவ்வொரு கோயிலிலும் குளத்தில் முங்கி ஈரத்தோடு கும்பிட்டுவிட்டு, சிவன் கோயில் ஓட்டமானாலும் வழக்கப்படி "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். பட்டணத்தில் இதே தூரத்தைக் காலில் சப்பாத்து போட்டு ஓடி, அல்ட்ரா மாரத்தான் என்று சொல்லிப் பதக்கம் வாங்குகிறார்கள் என்று என் மகள் உமா சொல்வாள்.

என் வீட்டுக்காரர் முப்பது சிவராத்திரி ஓடியவர். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டுவார். நான் வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். ஒருமுறை, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"பொம்பளையாளுக்குக் கால் காணாதுட்டி" என்றார். பெண்ணின் கால் இத்தனை தூரத்துக்குப் போதாது என்பது அதன் பொருள்.

அதை நான் மறக்கவில்லை. அவருக்கு முட்டு தேய்ந்து ஓட்டம் நின்றபோது எனக்கு அறுபத்தாறு வயது. இப்போது பெண்களும் நிறையப் போகிறார்கள். இந்த வருஷம் நான் போகிறேன் என்றேன். பன்னிரண்டையும் என் காலால் முடிக்க வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பக்தி இல்லாமல் இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஐப்பசியில் பழக ஆரம்பித்தேன். விடியற்காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுசீந்திரம் தெப்பக்குளம் வரை போய் வருவேன். இரண்டு கரண்டு கம்பத்துக்கு நடுவே ஓட்டம், அடுத்த இரண்டுக்கு நடுவே நடை. பிறகு கோட்டாறு வரை. பிறகு கன்னியாகுமரி போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. பால் வாங்கப் போகிற பெண்கள் சிரிப்பார்கள். "என்ன மயினி, எந்த பஸ்ஸப் பிடிக்க இந்த ஓட்டம்?" என்று ஒருத்தி கேட்டாள். "நிக்காத பஸ்ஸ மக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கால் பழகிவிட்டது. தப்பு காலில் நடக்கவில்லை.

ஓடுகிறவர்கள் ஒரு வாரம் விரதம் இருப்பது வழக்கம். எனக்கு ஒரு வாரம் போதவில்லை. நாற்பத்தொரு நாள் என்று வைத்துக்கொண்டேன். எதை விடுவது என்று யோசித்தேன். நான் உப்புக்காரி. கஞ்சிக்கு உப்பு நார்த்தங்காய் இரண்டு துண்டு இல்லாமல் எனக்கு இறங்காது. அதனால் உப்பை விட்டேன். இரத்த அழுத்தத்துக்கு மூன்று வருஷமாக மாத்திரை எடுக்கிறேன். உப்பைக் குறையுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். சாமிக்கும் ஆயிற்று, டாக்டருக்கும் ஆயிற்று என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது.

ஓட்டத்தன்று உமா என் கூடவே நடந்தாள். அவளுக்குச் சுங்கான்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மாற்றுச் சேலையோடு ஒரு ஆட்டோவில் முன்னும் பின்னுமாக வந்தார். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று ஐந்தும் நல்லபடியாக முடிந்தன. இறக்கத்தில் ஓடினேன், ஏற்றத்தில் நடந்தேன்.

வழி நெடுகச் சனங்கள் பானகமும் மோரும் சுக்குத் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மோரில் உப்பு இருக்கும் என்று தொடவில்லை. தண்ணீர் தருகிறவர்களை எப்படி மறுப்பது. "நல்ல கிணத்து வெள்ளம் அம்மா, குடிச்சிட்டுப் போங்க" என்று செம்பை நீட்டுவார்கள். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கிக் குடித்தேன். அதுவும் ஒரு மரியாதை. எத்தனை செம்பு குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஆறாவது கோயிலான பன்றிப்பாகத்தின் குளத்துக்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

கல்குளத்துக்குப் போகிற வழியில் நான் ரோட்டு நடுவே நின்றுவிட்டேனாம். திக்குறிச்சிக்கு இது வழி இல்லை என்று அவரிடம் சண்டை பிடித்தேனாம். திக்குறிச்சி இரண்டாவது கோயில். முதல் நாளே முடிந்துவிட்டது. அவர் முதலில் சிரித்திருக்கிறார்.

"வெளையாடாத ஏட்டி. திக்குறிச்சி நேத்தே முடிஞ்சாச்சுல்லா."

"முப்பது வருசம் ஓடினியளே, வழி தெரியாதா?" என்று நான் கேட்டேனாம்.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்திருக்கிறது. ஏனென்றால் கோயில் வரிசையில் எனக்குப் பிசகாது. அவர் ஓடிய காலத்திலேயே அவர் தப்பாகச் சொன்னால் அடுப்படியிலிருந்து திருத்துகிறவள் நான். கூட நின்றவர்கள், வெயில் ஏறுகிறது, மயக்கமாக இருக்கும் என்று இன்னும் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். கல்குளம் கோயில் நடையில் நின்று கும்பிட்டேன் என்று உமா சொல்கிறாள். திரும்பி வரும்போது ஆட்டோவுக்குப் பக்கத்தில் விழுந்தேன். ஆட்டோவில் வலிப்பு வந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் சோடியம் (இரத்தத்தில் கரைந்திருக்கிற உப்பு) நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் (உயிருக்கு ஆபத்தானவர்களை விடாமல் கவனிக்கும் இடம்) மூன்று நாள் கிடந்தேன்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஒரு பெண். உமாவைவிட இளையவள். நினைவு வந்தபிறகு, இது எந்த இடம் என்று கேட்டாள். பன்றிப்பாகம் என்றேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். ஆஸ்பத்திரி என்றேன். அதற்குப் பிறகுதான் என்னோடு பேச ஆரம்பித்தாள்.

"எத்தனை நாளா உப்பு சேர்க்கல?"

"நாப்பத்தொண்ணு."

"யார் சொல்லி?"

"டாக்டருதான் கொறைக்கச் சொன்னாரு."

"கொறைக்கச் சொன்னா அடியோட நிறுத்துவாங்களா பாட்டி?"

"எதையும் அரைகொறையாச் செய்து எனக்குப் பழக்கம் இல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். நான் போடுகிற மாத்திரை உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரையாம். சாப்பாட்டில் உப்பு வரவில்லை, மாத்திரை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது, வியர்வையிலும் போனது. மிச்சம் இருந்ததைச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக் கரைத்துவிட்டேன். அந்தத் தண்ணீர் மூளைக்குள் ஏறி அதை வீங்க வைத்துவிட்டது. விரல் வீங்கியபோது உள்ளேயும் வீங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வளையல் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

உப்பை வேகமாக ஏற்றினால் மூளை நரம்பு கெட்டுப்போகும் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருதரம் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீரை அளந்து தந்தார்கள். அரை டம்ளர் கூடுதலாகக் கேட்டேன், தரவில்லை. நான் தண்ணீர் கேட்டு ஒருவர் இல்லை என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பொது வார்டுக்கு மாற்றிய அன்று அவர் ஒரு குப்பியில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார். அழுத்தித் தேய்க்க அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இரண்டு மாதம் பேச்சு பின்தங்கியே வந்தது. சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பேன். வந்து பார்க்கிறவர்களிடம் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். கால் போயிருந்தால் தாங்கியிருப்பேன். புத்தி போய்விட்டதோ என்ற பயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றினாள். தாகத்துக்குத் தண்ணீர், ருசிக்கு உப்பு, இரண்டும் அளவோடு என்றாள். வீட்டில் எனக்கு ஒரு பரீட்சை வைக்கச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது கிழமையும் மாதமும் கேட்கிற பரீட்சை. அவர்தான், "இவளுக்குக் கிழமை எதுக்கு டாக்டர், பன்னெண்டு கோயிலக் கேளுங்க" என்றாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் பன்னிரண்டு கோயிலையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். முதலில் ஆறேழுதான் வந்தது. ஆடி மாதம் பன்னிரண்டும் தடங்கலில்லாமல் வந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

மறு வருஷமும் ஓடுவேன் என்றேன். டாக்டர் கோபப்பட்டாள். ஆறு மாதம் இரத்தம் பார்த்து, உப்பு நிலையாக நின்றபிறகு சம்மதித்தாள். நிபந்தனைகளோடுதான். உப்பில்லா விரதம் கூடாது. தாகம் எடுத்தால் மட்டும் குடிக்க வேண்டும். வழியில் உப்புப் போட்ட கஞ்சி குடிக்க வேண்டும். வரிசை ஒருதரம் பிசகினாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் என்னைப் பார்த்து ஓட வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நான் கேட்காமல் கெட்டவள்.

இந்த முறை ஒவ்வொரு கோயில் வாசலிலும் உமா கேட்டாள், நான் சொன்னேன். செம்பு நீட்டியவர்களிடம் கும்பிட்டு, போதும் என்றேன். அது நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மோர் குடித்தேன். கல்குளம் நடையில் நின்று, போன வருஷம் நான் எங்கே நின்றேன் என்று உமாவிடம் கேட்டேன். அவள் ஒரு தூணைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் நினைவு வரவில்லை.

மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு. பதினொன்றாவது திருப்பன்றிக்கோடு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்றுதான். உமா கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அம்மா, பதினொண்ணுதான் வந்துச்சு."

விரல் மடக்கி மறுபடியும் சொன்னேன். மறுபடியும் பதினொன்றுதான். கல்குளம் விட்டுப்போனது.

வளையலைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. தலை கனமில்லை, வயிறு புரட்டவில்லை. ஆனால் போன வருஷம் நான் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதானே வழி தப்பென்று சண்டை பிடித்தேன். கெட்டுப்போன புத்தி, தான் கெட்டதைத் தானே சொல்லாது.

ஆட்டோவிலிருந்து அவர் இறங்கி வந்தார். கால் காணாது என்று சொன்ன அதே மனுஷன்.

"ஒண்ணும் இல்லட்டி, களைப்பு. கண்ணுக்கெட்டின தூரம்தான். முடிச்சிரு" என்றார். குரல் கெஞ்சியது.

எத்தனையோ வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. விசிறியை உமாவிடம் கொடுத்தேன்.

"போதும்" என்றேன். "ஆட்டோவ ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க."

இரத்தம் பார்த்தார்கள். உப்பு சரியாகவே இருந்தது. ஓடியிருக்கலாம்.

அவர் இன்றைக்கும் சில வேளை சாப்பிடும்போது அதைச் சொல்கிறார். ஓடியிருக்கலாம். ஆமாம் என்பேன். பெருமைக்காரி எப்படி விட்டாள் என்று ஊரில் கேட்டார்கள். பதினொன்றை முடித்ததைவிட, ஒன்றை விட்டதில்தான் எனக்கு இப்போது பெருமை. அதை யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டாம்.

எழுபது வயசுக்குப் பக்கம் வரும்வரை என் உடம்பு வேலைக்காரி மாதிரி நான் சொன்னதைச் செய்தது. இப்போது நான் அதனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். பன்றிப்பாகத்துக் குளத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே மூன்று நாள் எல்லாருக்கும் நடந்திருக்கிறது, எனக்கு நடக்கவில்லை. அந்த நினைவு திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். முன்பு ஒரு சிவராத்திரி முடிந்தால் அடுத்ததை எண்ணுவேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. திருநட்டாலத்துக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்விடலாம். இன்னும் போகவில்லை.

காலையில் மாத்திரை போடுவதற்கு முன் பன்னிரண்டு கோயில் பேரையும் சொல்கிறேன். ஏழாவதில் எப்போதும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கல்குளம். பிறகு மற்றவை தானாக வரும். பதினொன்று முடிந்ததும் வளையலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். அது சுற்றினால், திருநட்டாலம் என்று சொல்லி எழுந்திருப்பேன்.